இளம்புழு அறையில் ஒரு பாம்பு

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் மருமகளுடைய பாம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரை பெங்களூரில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் இருந்தது. மகனை அவன் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. திரும்பிவர நாளாகும் என்றார்கள். மருமகளுக்கு லேப்டாப்பில் செய்கிற வேலை. எப்போதாவது ஆபீசுக்குப் போய்த் தலையைக் காட்டினால் போதும். அதனால் பாலக்கோட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கே வந்து இருக்கிறேன் என்றாள். ஆனால் பாம்பும் கூட வரும் என்று மகன் போனில் சொன்னான்.

"நாய் வளக்கறாங்க, கிளி வளக்கறாங்க. இவ எதுக்குடா பாம்பப் போயி வளக்கறா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அது கடிக்காதும்மா. வெஷம் இல்ல."

"கடிக்காதத வெச்சிக்கிட்டு என்னா பண்றது?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாம்பு வருவது உறுதியாகிவிட்டது.

நான் பட்டுப்புழு வளர்க்கிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு மல்பெரித் தோட்டத்தில் இறங்கியவன். எனக்கு ஆட்களோடு பேச வராது. மருமகளோடு அந்த ஒரு வருடத்தில் நேருக்கு நேராக நான் பேசியது மிகக் குறைவு. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாலும், "காபி வேணுமான்னு கேளு" என்று மனைவியிடம்தான் சொல்வேன். அவளும் "எனக்கு வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க அத்தை" என்று அதே வழியில் பதில் அனுப்புவாள். மனைவிக்கு இது பழகிவிட்டது. சில சமயம் மட்டும், "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோன் கம்பமா?" என்று கத்துவாள்.

பாம்பு காரில் வந்தது. துணிப்பைக்குள் பாம்பு, பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். அதற்கான கண்ணாடிப் பெட்டி பின்சீட்டில் தனியாக வந்தது. ஆப்பிரிக்கா பக்கத்து வகையாம். ஆனால் இங்கேயே ஒருவர் வீட்டில் பிறந்தது. வனத்துறையில் பதிவு செய்த காகிதத்தையும் மருமகள் எடுத்து வந்திருந்தாள். என் கை நீளம் இருக்கும். கறுப்பில் பழுப்புத் திட்டுகள். பையிலிருந்து வெளியே எடுத்ததும் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொண்டது. பயந்தால் அப்படித்தான் செய்யும் என்றாள். எனக்கு முதலில் பிடித்தது அதுதான். சீறவில்லை, ஓடவில்லை; முகத்தை மறைத்துக்கொண்டது.

பெட்டியை ஹாலில் வைத்தோம். அதுதான் தப்பாகப் போனது. ஹாலில் டிவி ஓடும். மிக்சி சத்தம் வரும். பக்கத்து வீட்டில் இருக்கிற என் தம்பி சம்சாரம் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வருவாள். கண்ணாடியை விரலால் தட்டுவாள். "ஏ மருமவளே, இது பொம்பளையா ஆம்பளையா? வெளிய வரச் சொல்லு, பாப்போம்" என்பாள். பாம்பு, பெட்டிக்குள் இருந்த கறுப்பு டப்பாவுக்குள் போனதுதான். தலையைக்கூட வெளியே காட்டவில்லை.

சாப்பிடவும் இல்லை. அதற்குச் சாப்பாடு ஐஸில் வைத்த எலி. அதற்காகவே மருமகள் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் கொண்டுவந்திருந்தாள். மாவும் தயிரும் இருக்கிற ஃப்ரிட்ஜில் எலி வைத்தால் தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். எலியைச் சுடுதண்ணீரில் போட்டு இளக வைத்து, இடுக்கியில் பிடித்து மருமகள் நீட்டினாள். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாரம் விட்டு மறுபடி நீட்டினாள். மறுபடியும் அதே கதை. பிறகும் அப்படித்தான். தூக்கியெறிந்த எலிகளைக் காக்கா கொத்திக்கொண்டு போனது.

ஒரு நாள் அவள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. "இது வத்திப்போறத பாத்துட்டு இருக்க முடியாது அத்தை. பெங்களூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தி இந்த மாதிரி நிறைய வளக்கறா. இந்த எடம் அதுக்கு ஒத்துக்கலன்னா அவகிட்டயே குடுத்துடறேன்."

"குடுத்துட்டா நீ இருந்துருவியா கண்ணு? அழுதுட்டு உக்காந்திருப்ப."

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாம்பு போனால் இவளும் கொஞ்ச நாளில் ஏதாவது சொல்லிக்கொண்டு பெங்களூருக்கே போய்விடுவாள் என்று தோன்றியது. போகக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் வந்த பிறகு வீட்டில் சாயங்காலத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது நிற்கவேண்டாம் என்று நினைத்தேன். பாம்பு இங்கே சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் புழுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. முன்பெல்லாம் முட்டையிலிருந்து பொரிந்த இளம்புழுவை அங்கேதான் வளர்ப்போம். இப்போது இளம்புழுவை வளர்த்தே விற்கிறார்கள். வாங்கிவந்து கொட்டகையில் விட்டுவிடுகிறோம். அறை சும்மா கிடந்தது. கனமான சுவர், ஒரே ஜன்னல், வெயில் காலத்திலும் பனிக்காலத்திலும் சூடு அதிகம் மாறாது. மறுநாள் சமையலறை வாசலில் நின்று, மனைவி அங்கே இல்லாத நேரத்தில், மருமகளிடம் சொன்னேன்.

"அந்த இளம்புழு ரூமுல வெச்சா என்னாம்மா? சத்தம் இருக்காது. ஆளு வராது."

அவள் திரும்பி, யாரிடம் பேசுகிறேன் என்று பின்னால் ஒரு முறை பார்த்தாள். பிறகு, "பாக்கலாமா மாமா?" என்றாள்.

அறையை இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவினேன். புழுவுக்காக முன்பு அடித்த மருந்து வாசம் கொஞ்சமும் இருக்கக்கூடாது என்று அவள் சொன்னதால், கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டுச் சில நாள் காயவிட்டேன். மேசை போட்டு அதன்மேல் கண்ணாடிப் பெட்டியை ஏற்றினோம். மேசைக் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றின கிண்ணத்துக்குள் நிறுத்தினேன்.

"இது எதுக்கு மாமா?"

"எறும்பு ஏறாதும்மா. புழுத் தட்டுக்கு இப்புடித்தான் வெப்போம்."

"இதை எறும்பு தூக்கிட்டுப் போகாது மாமா" என்று சிரித்தாள். ஆனாலும் கிண்ணங்களை எடுக்கச் சொல்லவில்லை.

பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சூடுபண்ணும் விரிப்பு. மறுபக்கம் குளிர்ச்சி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு டப்பா. தரைக்குத் தென்னைநார்த் தூள். ஓர் ஓரத்தில் பாசி. அது எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். தண்ணீர்க் கிண்ணம். சூட்டையும் ஈரப்பதத்தையும் காட்டுகிற மீட்டரை அவள் விளக்க ஆரம்பித்தாள். அது எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். கொட்டகையில் தினமும் பார்க்கிறதுதானே. முதலில் கொஞ்ச நாள் அதைத் தொடவே கூடாது, எடுத்துக் கொஞ்சக்கூடாது, வாசனையும் சத்தமும் பழகட்டும் என்றாள்.

கொட்டகையில் இருக்கிற சட்டத்தையே இந்த அறைக்கும் வைத்தேன். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவித்தான் உள்ளே வரவேண்டும். கதவுக்குச் சாக்குத் திரை. வெளியாள் கிடையாது. தம்பி சம்சாரம் வாசல்வரை வந்து நின்று பார்த்தாள்.

"புழுவையும் காட்ட மாட்டீங்க, பாம்பையும் காட்ட மாட்டீங்க. எங்க கண்ணு என்னா அப்புடிக் கொள்ளிக்கண்ணா மாமா?"

என் மனைவிதான் உள்ளேயிருந்து, "உனுக்குப் பாம்பு பாக்கணும்னா கண்ணாடியப் பாருடி" என்றாள். இருவரும் அதற்குச் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

அமைதி கிடைத்ததும் பாம்பு மாறியது. சாயங்காலம் புழுவுக்கு இலை போட்டு முடித்து நான் திரையை விலக்கும்போது, டப்பாவுக்கு வெளியே மூக்கு தெரியும். பிறகு கழுத்துவரை வந்தது. ஒரு நாள் கிண்ணத்தில் தாடையை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னைப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன். இருவரும் ஒன்றும் செய்யவில்லை. மருமகளிடம் போய்ச் சொன்னேன். "சூப்பர் மாமா" என்றாள். ஆனால் எலியை மட்டும் அது இன்னும் தொடவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஆபீசுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிளம்புகிற அன்று அறைக்குள் நின்று என்னிடமே நேராகச் சொன்னாள்: பாசி காயக்கூடாது, தண்ணீரை மாற்றவேண்டும், சாப்பாடு வைக்கவேண்டாம், ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் போன் பண்ணவேண்டும். "வந்து கடைசியா ஒரு தடவ குடுத்துப் பாக்கறேன் மாமா. அப்பவும் சாப்பிடலன்னா ஃப்ரெண்டுகிட்ட கொண்டுபோய் விட்டுடறேன். அவகிட்ட பேசிட்டேன்" என்றாள்.

அவள் போன சில நாளில் பாம்பின் நிறம் மங்கியது. புகை படிந்ததுபோல இருந்தது. கண் இரண்டும் நீலமும் வெள்ளையும் கலந்து கலங்கிவிட்டன. அசையாமல் கிடந்தது. பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். பட்டுப்புழு தோல் உரிப்பதற்கு முன்னால் இப்படித்தான் இலையை விட்டுவிட்டு, அசையாமல், நிறம் மாறிக் கிடக்கும். அதை நாங்கள் ஜொரம் என்போம். பாம்புக்கும் ஜொரம் வந்திருக்கிறது. இதற்கு எதற்குப் போன்?

உண்மையில் போன் பண்ணக் கூச்சமும் இருந்தது. அவளுக்கு நான் ஒரு முறைகூடப் போன் செய்ததில்லை.

புழுவுக்கு ஜொரம் வந்தால் நாங்கள் செய்கிற முதல் வேலை, படுக்கையைக் காயவைப்பது. இலையை நிறுத்துவோம். காற்றோட்டமாக ஜன்னலைத் திறப்போம். சுண்ணாம்புத் தூளைச் சல்லடையில் தூவுவோம். ஈரம் இருந்தால் புழு சரியாக உரிக்காது, நோய் வந்துவிடும். இத்தனை வருடத்தில் கை தானாகச் செய்கிற வேலை. பாசியை எடுத்து வெளியே வைத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தேன். ஈரமான தூளை அள்ளிவிட்டுக் காய்ந்த தூளைப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். சுண்ணாம்புச் சல்லடையைக் கூடக் கையில் எடுத்துவிட்டேன். என்னவோ, அது மட்டும் வேண்டாம் என்று தோன்றித் திரும்ப வைத்துவிட்டேன். மனசு நிறைவாக இருந்தது. அவள் வரும்போது பளபளவென்று புதுத் தோலோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, திரையை விலக்கிப் பார்த்தபோது பாம்பு உடம்பெல்லாம் கிழிந்த காகிதம் ஒட்டினதுபோல இருந்தது. தோல் துண்டு துண்டாக வந்திருந்தது. கழுத்தில் ஒரு பட்டை, நடுவில் சில திட்டுகள், வாலில் ஒரு உறை அப்படியே காய்ந்து பிடித்திருந்தன. கண்மேல் இருக்கிற மெல்லிய தோலும் போகவில்லை. இரண்டு கண்ணும் காய்ந்த மீன் கண்போல இருந்தன. தலையைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க பண்ணீங்க?" என்றாள். சொன்னேன். "புழு வேற, பாம்பு வேறங்க" என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீயே சொல்லேன்" என்றேன்.

"என்னா ஏதுன்னு கேட்டா எனுக்கு என்னா தெரியும்? நீங்கதான பண்ணீங்க. பேசுங்க."

மணி அடித்ததும் மருமகள் எடுத்துவிட்டாள். "மாமா! அத்தைக்கு என்னாச்சு?" என்றாள் பதறி.

"அத்தைக்கு ஒண்ணும் இல்லம்மா. பக்கத்துலதான் நிக்கறா."

"அப்ப உங்களுக்கா?"

"எனுக்கும் ஒண்ணும் இல்ல. பாம்பு… தோலு உரிக்குதுன்னு ஈரத்த எல்லாம் எடுத்துட்டேன். புழுவுக்கு அப்புடித்தான் செய்வோம். இப்ப தோலு ஒட்டிக்கிச்சு. கண்ணுலயும் ஒட்டிக்கிச்சும்மா."

அந்தப் பக்கம் ஆபீசில் யாரோ பேசுவது கேட்டது. பிறகு, "பாம்புக்கு உரிக்கிறப்பதான் மாமா ஈரம் அதிகமா வேணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் குரல் தணிந்திருந்தது. "பிச்சு எடுக்கக் கூடாது. கண்ணைத் தொடவே கூடாது. நான் சொல்ற மாதிரி பண்றீங்களா?"

சொன்னபடி செய்தேன். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொஞ்சமாகத் தண்ணீர். அடியில் வழுக்காமல் இருக்க ஒரு துணி. அதுவரை நான் பாம்பைத் தொட்டதில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கச் சொல்லியிருந்தாள். தூக்கினேன். பந்தாகச் சுருளும் என்று நினைத்தேன். சுருளவில்லை. என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அதற்குள்ளே ஒரு பலம் மெதுவாக இறுகி மெதுவாக விடுவது தெரிந்தது. குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அறையின் சூடுதான் அதற்கும் இருந்தது.

ஊறவைத்து எடுத்த பிறகு, நனைத்த துண்டைக் கையில் தளர்த்திப் பிடித்து, அதற்குள் அதை நுழைந்துபோக விட்டேன். அதுவே ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தது. வரவர, காய்ந்த தோல் துண்டில் தங்கிப் போனது. மறுபடி நுழையவிட்டேன். எட்ட நின்றிருந்த மனைவி, கொஞ்ச நேரத்தில் கிட்டே வந்துவிட்டாள். "அந்த வாலுகிட்ட, அந்த வாலுகிட்ட இருக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வால் உறையும் கழன்று வந்தது. ஒரு கண்மேல் இருந்த தோலும் தானாக நழுவிவிட்டது. கறுப்பாக, ஈரமாக ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் மங்கியபடியே இருந்தது. பாசியை நனைத்து ஒரு டப்பாவுக்குள் நிறைத்து, அதற்கு ஈரமான பொந்துபோல ஆக்கி வைத்தேன். அன்றிலிருந்து அவள் திரும்பும்வரை தினமும் போனில் பேசினோம். பேசியது பாம்பைப் பற்றித்தான். ஆனால் பேசினோம்.

அவள் சனிக்கிழமை வந்தாள். பையைக்கூட வைக்காமல் கைகால் கழுவிக்கொண்டு நேராக அறைக்குத்தான் போனாள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு கண் அடுத்த உரிப்பில் சரியாகலாம், இல்லாவிட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும் என்றாள். நானாக, "தெரியாம செஞ்சிட்டேம்மா" என்றேன்.

"எங்கிட்டதான் மொதல்ல தப்பு மாமா. ஹால்ல வெச்சேன்ல" என்றாள்.

மறுநாள் அவளுடைய தோழி தர்மபுரி வழியாக சேலம் போய்த் திரும்புகிறாள். பாம்பு சாப்பிடாவிட்டால் அதை வழியிலேயே வாங்கிக்கொள்வாள் என்று ஏற்பாடு. அன்று சாயங்காலமே எலியை இளகவைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அறைக்குள் நின்றோம். பாம்பு தலையை வெளியே நீட்டியது. நாக்கை நீட்டி மோந்தது. இடுக்கி கிட்டே போனதும் பின்னால் இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. மறுபடியும் பின்னால் போனது. மருமகள் இடுக்கியைத் தாழ்த்தினாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஏற்கெனவே ஒரு முறை எனக்குத் தோன்றியதைச் செய்து கெடுத்தவன் நான். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கடைசியில், "நாம நிக்கறதுதான் அதுக்குக் கூச்சமா இருக்குமோ?" என்றேன்.

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்றாள் என் மனைவி. "கல்யாண வூட்டுப் பந்தியில எவனாவது எதிர்ல நின்னு, இன்னும் போட்டுக்கங்கன்னா போதும், இந்த மனுசனுக்கு சோறு தொண்டையில எறங்காது. எலையோட எந்திரிச்சி வந்துருவாரு."

மருமகளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "எலிய உள்ள வெச்சுட்டு, அப்படியே விட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க மாமா. நான் செஞ்சு பாத்ததில்ல" என்றாள். எலியை டப்பாவின் வாசலில் ஒரு தட்டில் வைத்தாள். பெட்டியை மூடினாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தோம்.

புழுவுக்கு இலை போடும் நேரம். மருமகளும் கொட்டகைக்கு வந்தாள். மல்பெரித் தண்டுகளை நான் அடுக்க அடுக்க, அவள் எடுத்துக் கொடுத்தாள். புழு இலை தின்கிற சத்தம் மழைத்தூறல்போலக் கொட்டகை முழுக்கப் பரவியது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு முறை, "இப்ப போய்ப் பாக்கலாமா மாமா?" என்றாள். "இன்னும் கொஞ்சம் போவட்டும்மா" என்றேன். எனக்கும் பார்க்கவேண்டும்போலத்தான் இருந்தது.

கடைசிப் புழுத் தட்டுக்கும் இலை போட்டுவிட்டுப் போனோம். செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்து அவள் உள்ளே காட்டினாள். எலி வைத்த தட்டு காலியாக இருந்தது. தட்டைத் தாண்டி எங்கேயாவது இழுத்துப் போட்டிருக்குமோ என்று தேடினோம். பாம்பு தன் டப்பாவுக்குள் போய்ச் சுருண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு மெதுவாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சத்தம் போடாமல் வெளியே ஓடினாள். சாக்குத் திரைக்கு அந்தப்பக்கம் அவள் தோழியிடம் பேசுவது கேட்டது.

"நாளைக்கு இந்தப் பக்கம் நிறுத்த வேணாம்டி. சாப்பிட்டுடுச்சு… ஆமா, தானா… இல்லல்ல, இங்கயே இருக்கட்டும். மாமா பாத்துக்கறாரு."

எதிர்முனையில் என்ன கேட்டாளோ, "பட்டுப்புழு வளக்கறவரு" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே என் மனைவியைக் கூப்பிட்டாள். நான் பெட்டியின் மூடி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மேசைக் கால் கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருந்ததால் நிரப்பி வைத்தேன்.